வியாழக்கிழமை வரைக்கும்

காலை வெயில் பரிசோதனை அறையின் மேசைமேல் விழுகிறது. கண் பரிசோதனை எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் தடுமாறாமல் படித்துவிட்ட விமானி, சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொள்கிறார். மிச்சமிருக்கும் இரண்டு பயணங்களுக்காகத்தான் இந்தப் பரிசோதனை. "உடம்பு கல்லு மாதிரி இருக்கு கேப்டன்," என்கிறார் டாக்டர். டாக்டருக்கு எழுபத்திரண்டு வயது. ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டும் விரல்கள் லேசாக நடுங்குகின்றன. "பைலட்டுக்கு அறுபத்தஞ்சுங்கற வயசு வரம்ப ஏத்தப்போறதா பேசிக்கிட்டாங்களே?" "இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. எனக்கு வெள்ளிக்கிழமை அறுபத்தஞ்சு." டாக்டர் சான்றிதழில் கையெழுத்திடுகிறார். விமானம் ஒன்று இறங்கும் இரைச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. விமானி நிமிராமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். மூக்குக்கண்ணாடியைத் தேடிச் சலித்த டாக்டர் தாளை நீட்டுகிறார். "பொடி எழுத்து, எனக்குத் தெரியல. எதுவரைக்கும் செல்லும்னு போட்டிருக்கு?" விமானி கண்ணைச் சுருக்காமலே படிக்கிறார். "வியாழக்கிழமை வரைக்கும், டாக்டர்."