இரண்டாவது பதில்

“மற்றச் சமூகத்து ஆக்கள்ர வீட்டுச் சாப்பாடு கடைசியா எப்ப சாப்பிட்டீங்க அக்கா?” என்று பயிற்சிக்கு வந்திருந்த முப்லிஹா கேட்டாள்.

அப்படிக் கேட்கச் சொன்னதே யசோதினிதான்.

செட்டிபாளையத்தில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் மண்டபம் அது. உள்ளே இருந்த இளைஞர்கள் அடுத்த கிழமை தமிழ், முஸ்லிம் ஊர்களுக்குப் போக வேண்டும். நல்லிணக்கத் திட்டத்தால் சனங்களுக்குள் உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கிறதா என்று விசாரித்து வரவேண்டும். எப்படி விசாரிப்பது என்று அவர்களைப் பழக்குவது யசோதினியின் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. அது அவளுக்கும் நன்றாகவே தெரியும்.

என்னையே ஊர்ச்சனமாக நினைத்துக் கேளுங்கள், நடிக்கமாட்டேன், என் சொந்தப் பதிலைத்தான் சொல்வேன் என்று பெரிய மனதோடு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தவளும் அவள்தான்.

இப்போது அந்தக் கேள்வி அவளிடமே திரும்பி வந்திருந்தது.

போன நோன்புப் பெருநாளுக்கு முதல்நாள், முப்லிஹா காத்தான்குடியிலிருந்து மெனக்கெட்டு வந்து, துணியில் முடிந்த பிஸ்கட் டின் ஒன்றை அவள் கையில் கொடுத்திருந்தாள். வீட்டில் போய் அவிழ்க்கச் சொன்னாள். பெருநாளுக்கு முஸ்லிம் வீடுகளிலிருந்து வருவது வட்டிலப்பம் என்ற இனிப்புத்தானே. திறந்து பார்த்தா தெரிய வேண்டும்?

அப்போது யசோதினியின் மகள் கம்சாயினி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். கோயில் கோயிலாக ஏறி இறங்கி, வைத்தியர் வைத்தியராக அலைந்து, கடைசியில் தரித்த பிள்ளை.

முஸ்லிம் வீட்டுச் சாப்பாட்டில் கருவைக் கலைக்க மருந்து போடுகிறார்கள் என்று ஊரில் ஒரு கதை திரிந்தது. பச்சைப் பொய். அது பொய் என்று இதே மண்டபத்தில் படம் போட்டு வகுப்பெடுத்தவள் யசோதினி. வதந்தியை யார் கிளப்புகிறார்கள், அது எப்படிப் பரவுகிறது, கேட்டவன் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் விலாவாரியாக விளக்கினாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

டின் கைக்கு வந்த அன்று பின்னேரம் கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டியை ஓரங்கட்டினாள். அக்கம்பக்கம் பார்த்தாள். முடிச்சை அவிழ்க்காமலே டின்னை வாவிக்குள் போட்டாள்.

பொய் என்று தெரியும். தெரிந்தும், ஒருவேளை என்று ஒரு நினைப்பு. அந்த ஒருவேளையை அவளால் வெல்ல முடியவில்லை.

அடுத்தநாள், நல்லா இருந்தது, உம்மாவுக்கும் சொல்லுங்கோ என்று முப்லிஹாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தாள்.

இப்போது மண்டபமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் இத்தனை வருடம் சேர்த்த பேர் ஒரு நொடியில் போய்விடும். பேர் போனால் போகட்டும், முன்னால் நிற்கிற இந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பது?

“போன பெருநாளுக்கு. நீங்க தந்த வட்டிலப்பந்தான், வேறென்ன!” என்றாள்.

முப்லிஹா ஒன்றும் சொல்லவில்லை.

அதுவும் யசோதினி பழக்கியதுதான். பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குப் பாயாதீர்கள், பேசாமல் இருங்கள், அந்த அமைதி தாங்காமல் சனங்கள் இரண்டாவதாக ஒரு பதில் சொல்வார்கள், உண்மை அதில்தான் வரும் என்று காலையில்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அமைதி அவளாலும் தாங்க முடியவில்லை. வாய் தன்பாட்டில் ஓடியது. இனிப்பு அளவாக இருந்தது என்றாள். ஏலக்காய் மணம் வீடெல்லாம் நின்றது என்றாள். கம்சாயினி ஒருவருக்கும் மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டாள் என்றாள். உம்மாவின் கைப்பக்குவமே தனி என்றாள்.

முப்லிஹா கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். புகழ்ச்சிக்குக் கூச்சப்படுகிறாள் என்று யசோதினி எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

“எங்களுக்கு ஒரு துண்டும் வரல்லயே!” என்று பின்னாலிருந்த நிலோஜன் பகிடிவிட, எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கைதட்டினார்கள்.

யசோதினிக்கு வெட்கத்தில் காது இரண்டும் கொதித்தன. இவ்வளவு லேசாகவா எனக்குப் பொய் வருகிறது என்று தன் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. கூடவே, அப்பாடா, தப்பினோம் என்று ஒரு நிம்மதியும் வந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கேவலமாக இருந்தது.

தேத்தண்ணிக்கு எல்லாரும் வெளியே போனார்கள். முப்லிஹா மட்டும் போகவில்லை. கிட்ட வந்து, கதிரையை எடுத்து ஓரமாக வைப்பதுபோலக் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி குரலைத் தணித்தாள்.

“அக்கா, அந்த டின்னுக்குள்ள இருந்தது உங்கட பேரப்பிள்ளைக்கு எண்டு உம்மா தைச்ச சட்டையள். பிள்ளைக்கு அளவாத்தான் இருந்ததெண்டு நான் உம்மாட்டச் சொல்லிர்றன், என்ன?”