ஓரடி தள்ளி

அவன் மண்மூட்டையை நீட்டினான். அவள் கையை நீட்டவில்லை.

மூட்டை கொஞ்ச நேரம் இருவருக்கும் நடுவில் தொங்கியது. பிறகு அவன் அதைச் சேற்றில் வைத்தான். வைத்துவிட்டு ஓரடி தள்ளி நின்றான்.

அவள் குனிந்து எடுத்தாள். மறுபக்கம் நின்ற சிவக்கொழுந்தக்காவின் கையில் கொடுத்தாள்.

மழை விடவில்லை. ஆடியில் அடி வெடித்துக் கிடந்த குளம் இன்று கட்டின் விளிம்புவரை வந்திருந்தது. ஓரிடத்தில் கட்டு கரைந்துகொண்டிருந்தது. கீழே வயல். வயலுக்கு அப்பால் வீடுகள்.

சண்டை முடிந்து, திரும்பி வந்து கட்டிய வீடுகள்.

லொறியிலிருந்து உடைப்புவரை ஊரே வரிசையாக நின்றது. கைக்குக் கை. கோடையில் வெள்ளத் தடுப்புப் பயிற்சி எடுத்தபோது யார் எங்கே நிற்பது என்று குறித்தவள் அவள்தான். அவனை மறுமுனையில் போட்டிருந்தாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்று ஓடி வந்தவர்கள் வந்தபடி நின்றுவிட்டார்கள்.

அவளுடைய அக்காவைப் பதுங்குகுழிக்குள்ளிருந்து இயக்கத்துக்கு இழுத்துப் போனவர்களில் அவனும் ஒருவன். அம்மா அவனுடைய காலைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாள்.

அக்கா வரவேயில்லை. அம்மா பிடித்த கால் இப்போது பொய்க்கால்.

அடுத்த மூட்டையை அவன் நீட்டவில்லை. தானாகவே கீழே வைத்தான். குனிவதற்கு அந்தக் காலைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டியிருந்தது. வைத்தான். தள்ளி நின்றான். அவள் எடுத்தாள்.

அதற்கடுத்ததும் அப்படியே.

அவனுக்குப் பின்னால் மூட்டைகள் தேங்கின. சேற்றில் வைத்த ஒன்று தையல் விட்டு மண்ணைக் கொட்டியது.

"உதென்ன, சாமிக்குப் படைக்கிறமாதிரி ஒவ்வொண்டா வைச்சு எடுக்கிறியள்? கையில குடுத்து வாங்குங்கோவன்! தண்ணி பாத்துக்கொண்டு நிக்குமே?" சிவக்கொழுந்தக்கா கத்தினார்.

யாரோ சிரித்தார்கள். அவன் நிமிரவில்லை.

அந்த நிற்பை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

பெரிய வளவு வீட்டின் முற்றம். அப்பா பறித்த தேங்காய்களைக் கீழே வைப்பார். வைத்துவிட்டு ஓரடி தள்ளி நிற்பார். அதன் பிறகுதான் அந்த வீட்டு அம்மா இறங்கி வந்து எடுப்பார். சிறுமியான அவள் அப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பாள்.

அப்பாவையும் யாரும் தள்ளி நிற்கச் சொன்னதில்லை.

அந்த மழையிலும் அவளுக்குக் காது சுட்டது.

அடுத்த மூட்டை வந்தது. அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அவன் பார்க்கவில்லை. காலைப் பக்கவாட்டில் நீட்டினான். குனிந்தான். வைத்தான். தள்ளி நின்றான்.

கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கையில் தரச் சொல்ல வேண்டும். அவன் வயதுக்காரர் எல்லோரையும் அவள் 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவாள்.

அக்காவும் அன்றைக்கு அவனை அப்படித்தான் கூப்பிட்டாள்.

கைகள் நீண்டபடியே இருந்தன. உள்ளங்கைகளில் மழை விழுந்தது.

அவன் அடுத்த மூட்டைக்குத் திரும்பினான்.

அவள் வாயைத் திறந்தாள்.