இடது ஓரம்

மரியநாயகம் பயிற்றுவித்த எந்த உதைபந்தாட்டக் கழகத்திலும் இடது ஓரத்தில் ஆள் நின்றதில்லை. அவர் புலம்பெயர்ந்து வந்த, பனி விழும் நாட்டின் பத்திரிகைகள் முதலில் அதைத் தந்திரம் என்றன. தோற்கத் தொடங்கியதும் பைத்தியம் என்றன. ஊரில் அவர் தலைவராக ஆடிய அணியில் அந்த இடம் அருள்தாஸினுடையது. இறுதியாட்டத்துக்குச் சைக்கிளில் வந்தவனைச் சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் இறக்கிக் கொண்டுபோனார்கள். "பிந்தினாலும் வருவான், அவன்ர இடத்தை விட்டுவைச்சு விளையாடுவம்" என்று பத்துப் பேரோடு மைதானத்தில் இறங்கினார் மரியநாயகம். அவன் வரவேயில்லை.

இப்போதைய கழகமும் இன்றைய ஆட்டத்தோடு வேலையை விட்டுப் போய்விடும்படி சொல்லிவிட்டது. புறப்படும்போது, "இண்டைக்காவது அந்தப் பக்கம் ஒருத்தரை விடுங்கோவன்" என்றாள் மனைவி ஜசிந்தா. அருள்தாஸின் தங்கை அவள்.

"கொண்ணன் இனி வரமாட்டான் எண்டு நீர் ஒருக்காச் சொல்லும், விடுறன்."

அவள் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க அவரோடு புறப்பட்டாள்.

ஆட்டத்தின் நடுவே யாரோ தவறி அடித்த பந்து அந்த வெற்று ஓரத்தில் உருண்டது. கூட்டம் சிரித்தது. மரியநாயகம் திரும்பிப் பார்த்தார். சிரிக்கிறவர்களுக்கு நடுவே எழுந்து நின்று, பந்து கோட்டைத் தாண்டும்வரை ஜசிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ ஓடி வருவதற்கு இன்னும் நேரம் இருப்பதைப்போல.