முடிச்சு அறுபட்ட நூல்

மழைக்கு முன் முட்டைகளை வாய்க்காலுக்கு அக்கரை சேர்த்தாக வேண்டும். பூச்சிகள் ஆளுக்கொரு நார் கொண்டுவந்து பாலம் பின்னின. நாரை வாங்கிச் சரிபார்க்கும் வேலை கட்டெறும்புக்கு.

வெட்டுக்கிளி பளபளவென்று ஒரு நூலை நீட்டியது.

"யாருதுடா இது?"

"என்னுதுதான் அண்ணே. நானே நூற்றேன்."

எந்த வெட்டுக்கிளி நூல் நூற்றது? கட்டெறும்புக்கு உறுத்தியது. ஆனால் மேகம் கறுத்துக்கொண்டு வந்ததே! வாங்கி நடுவில் வைத்துப் பின்னிவிட்டது.

பாலம் முடிகிற நேரத்தில் சிலந்தி வந்தது. நடுவில் இருந்த தன் நூலை அடையாளம் கண்டுகொண்டது. "என் நூலை யாரும் சும்மா எடுத்துக்கலாம். நுனியில இருக்கிற என் முடிச்சை மட்டும் அறுக்கக் கூடாது. அறுத்தா நூல் எனக்குத் திரும்ப வரணும். இது எல்லாருக்கும் தெரியும். எங்கே என் முடிச்சு?"

வெட்டுக்கிளி தலையைச் சொறிந்தது. "முடிச்சு இருந்தா உன் பேரைத்தானே சொல்லுவாங்க? அறுத்துத் தண்ணியில போட்டுட்டேன்."

கட்டெறும்புக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சும்மா கிடைக்கிறதைத் திருடின ஒரே ஜென்மம் நீதான்டா!"

"ஒரு நூலுக்கா இத்தனை கூச்சல்? உருவிக் கொடுத்துட்டாப் போச்சு."

"உருவு, பார்ப்போம்" என்றது கட்டெறும்பு.

வெட்டுக்கிளி இழுத்தது. நூல் கையோடு வந்தது. பாலம் தண்ணீரோடு போனது.

முட்டைக் குவியலின் மேல் முதல் சொட்டு விழுந்தது. பொய்யென்று தெரிந்தே அந்த நூலை வாங்கிய தன் காலைக் கட்டெறும்பு தானே கடித்தது.