உதவியாள் பார்க்கும் படலம்

இன்று யாழிசைக்கு உதவியாள் பார்க்கும் நாள். சக்கர நாற்காலிக்காரர்களே தங்கள் இயந்திர உதவியாளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் வந்துவிட்டதால், தூத்துக்குடியில் அவள் வீட்டுக் கூடத்தில் மூன்று இயந்திரங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பெண் பார்க்கும் பழக்கத்தில் அம்மா அவற்றின் முன்னால் கேசரியும் பஜ்ஜியும் வைத்தாள். மாமா முதல் இயந்திரத்திடம், "பூர்வீகம் எந்த ஊரு?" என்று விசாரித்தார்.

யாழிசை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நான் கடலுக்குப் போணுங்கேன், அம்மா வேண்டாங்காவ. என்ன செய்வீங்க?"

"அம்மாவிடம் அனுமதி கேட்பேன்" என்றது முதலாவது.

"மாமாவிடமும் கேட்பேன்" என்றது இரண்டாவது. மாமாவுக்கு அதைப் பிடித்துப்போனது.

"குடை எடுக்கணுமான்னு உங்ககிட்ட கேப்பேன்" என்றது மூன்றாவது.

"இதுதான்! கிளம்பு, இப்பவே போவோம்!" யாழிசை போட்ட சத்தத்தில் மாமாவின் பஜ்ஜி கீழே விழுந்தது.

வாசலில் அம்மா வழக்கம்போல அவள் தலைக்கு மேலே பார்த்து உதவியாளிடம் கேட்டாள்: "இவள எப்பப்பா கூட்டிட்டு வருவ?"

"அதை அவங்ககிட்டதான் கேக்கணும்மா."

அம்மா வேறு வழியில்லாமல் குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். "ஏட்டி, எப்ப வருவ?"

இதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

"தெரியலையேம்மா!" என்றாள் யாழிசை, சிரிப்பை அடக்க முடியாமல்.