வேலி எடுத்த வீடு

தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்க்கக் கூடாதென்று, கல்யாணமான புதிதில் அவள் கணவன், வீட்டைச் சுற்றி சைப்ரஸ் மரக்கன்றுகளை வேலியாக நட்டான். பத்து வருடத்தில் அவை கூரைக்கு மேல் வளர்ந்துவிட்டன. பட்டப்பகலிலும் விளக்கு போட வேண்டியிருந்தது. அவள் கெஞ்சிக் கெஞ்சி, ஒருவழியாக அவன் மரம் வெட்டுகிறவரை வரச் சொன்னான்.

தூசி வருமென்று ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு அவள் உள்ளேயே இருந்தாள். காலை முழுவதும் ரம்பம் அலறியது. மதியம் லாரி கிளம்பும் சத்தம் கேட்டதும் ஆசை ஆசையாக ஒரு ஜன்னலைத் திறந்தாள். பச்சைக் கிளைகள் முகத்தில் இடித்தன.

மரம் வெட்டுகிறவருக்குப் போன் செய்தாள். "என்னண்ணே, ஒண்ணுமே வெட்டலையே?"

"விளையாடாதீங்கம்மா. இருபத்திரண்டு மரத்தையும் தூரோட எடுத்தாச்சு. கட்டையெல்லாம் ஏத்திட்டுக் கிடங்குக்குப் போயிட்டிருக்கேன்."

வாசல் கதவைத் தள்ளினாள். வெளியே ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது. கதவு விரலளவுகூட அசையவில்லை. கணவனைப் போனில் அழைத்தாள்.

"வாசலுக்கே வந்துட்டேன்," என்றான் அவன். "நீ சொன்னது சரிதான். வீடே பளிச்சுனு இருக்கு."

போனில் சாவி திரும்புவது கேட்டது. அங்கே கதவு திறந்தது. அவன் காலடிச் சத்தம் கூடத்துக்கு வந்தது.

"எங்கடி இருக்கே?"

"கூடத்துலதான்."

"நானும் கூடத்துலதானே நிக்கிறேன்," என்றான்.

அவள் இருட்டில், திறக்காத கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.