வழிமறித்த பேருந்து

கல்லூரிச் சந்தின் வாயை அடைத்துக்கொண்டு பேருந்து நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஓர் ஆள் நுழைய இடமில்லை.

"செல்ஃப் எடுக்கல" என்றார் டிரைவர். சொல்லிவிட்டுச் சாவகாசமாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

கண்டக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்துக்குள்ளிருந்து மாணவர் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. மெயின் ரோட்டுக்கு வர அவர்களுக்கு இது ஒன்றுதான் வழி.

அரசு வேலையில் பாதி, போருக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே என்ற சட்டத்தை எதிர்த்து ஊர்வலம். முன்வரிசையில் பேனரின் ஒரு முனையைப் பிடித்தபடி கண்டக்டரின் மகள். நல்ல மார்க் வாங்கியும் இரண்டு தடவை வேலை கைநழுவிப் போனவள்.

டிரைவரின் அப்பா போருக்குப் போனவர். டிரைவரின் மகனுக்கு வேலை வீடு தேடி வரும். டிப்போவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான் அது.

மாணவர்கள் பேருந்தின் தகரத்தைத் தட்டினார்கள். வண்டியை எடுக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார்கள். பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். பேனரின் மறுமுனையில், கண்ணீர்ப்புகைக்குப் பயந்தோ என்னவோ முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்த பையன் மட்டும் வாய் திறக்கவில்லை. டிரைவரும் காது கேளாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பயணிகள் முணுமுணுத்தபடி இறங்கி, வந்த வழியே நடையைக் கட்டினார்கள். வெயில் ஏற ஏற ஊர்வலமும் அலுத்துப்போய்க் கல்லூரிக்கே திரும்பியது.

அதன் பிறகு டிரைவர் சாவியைத் திருப்பினார். வண்டி சமர்த்தாகக் கிளம்பியது.

கண்டக்டர் விருட்டென்று எழுந்தார். முன்னால் போய் நின்றார். "இத்தனை வருஷம் ஒண்ணா வேலை பார்த்தோம். நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நினைக்கலண்ணே. எல்லாம் உங்க பையன் வேலைக்காகத்தானே?"

டிரைவர் கியரை மாற்றினார். வண்டி வளைவைத் தாண்டியது.

மெயின் ரோட்டோர மதிலுக்குப் பின்னால் போலீஸ் லாரிகள் மறைந்து நின்றன. தடியும் துப்பாக்கியுமாகப் போலீஸ்காரர்கள் காத்திருந்தார்கள். சந்தின் வாயில் நிற்கும்போது, டிரைவர் சீட்டின் உயரத்திலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும் இடம்.

கண்டக்டர் லாரிகளையும் டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் பொண்ணைக் காப்பாத்திட்டீங்கண்ணே. தெரியாம என்னென்னவோ பேசிட்டேன்" என்றார். மனசு கேட்காமல், "ஆனா இவங்க ஜெயிச்சா உங்க பையன் வேலை போயிடுமே?" என்றார்.

"அதை அவன்கிட்டதான் கேக்கணும்" என்றார் டிரைவர். "பேனரோட மறுமுனையைப் பிடிச்சிருந்தானே, அவன்கிட்ட."